லுகேமியா நோயாளிக்குக் குருத்தணு மாற்று: பலனை முன்கூட்டியே மதிப்பிடும் முறை

லுகேமியா என்னும் இரத்தப் புற்றுநோய் கண்ட பெரியவர் ஒருவருக்குக் கொடையாளரிடமிருந்து குருத்தணு (இரத்த அணுக்களை உருவாக்கும் மூல அணு) பெற்று மாற்று சிகிச்சை செய்யலாம் என்று மருத்துவர் சொன்னதும், குடும்பத்தார் முதலில் கேட்பது "எத்தனை சதவீதம் பிழைப்பார்?" என்பதுதான். கேள்வி நியாயமானது. ஆனால் ஒற்றை எண்ணாக வரும் பதிலை வைத்துக்கொண்டு எந்த முடிவையும் எடுக்க முடியாது. ஏனெனில் உயிருக்கான ஆபத்து இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, சிகிச்சைக்குப் பிறகும் நோய் திரும்புவது. மற்றொன்று, நோய் திரும்பாதபோதும் கிருமித்தொற்றினாலோ, உறுப்புகள் செயலிழப்பதாலோ, கொடையாளரின் அணுக்கள் நோயாளியின் தோல், குடல், கல்லீரல் ஆகியவற்றைத் தாக்கும் ஜி.வி.ஹெச்.டி. என்னும் சிக்கலாலோ உயிர் போவது. ஒன்றைக் குறைப்பதற்காகச் செய்வது பல சமயம் மற்றதைக் கூட்டிவிடுகிறது. ஆகவே இரண்டையும் தனித்தனியே மதிப்பிட்ட பிறகே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

விளக்கத்திற்காக ஒரு கற்பனை நோயாளியை எடுத்துக்கொள்வோம். ஆண், வயது 52. வேகமாக வளரும் ஏ.எம்.எல். வகை லுகேமியா, கீமோதெரபிக்குப் பின் முதல் முறையாக நோய் தணிந்திருக்கிறது. குரோமோசோம் பரிசோதனையில் குறை எதுவும் இல்லை, ஆனால் எஃப்.எல்.டி.3–ஐ.டி.டி. என்ற மரபணு மாற்றம் உண்டு. சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். எச்.எல்.ஏ. (கொடையாளர் பொருத்தம் பார்க்க உதவும் அணு அடையாளங்கள்) பொருந்திய 48 வயதுத் தங்கை இருக்கிறார்.

முதலில் நோயின் பக்கத்தைப் பார்க்க வேண்டும். இதற்கு நோய் கண்டறியப்பட்ட நாளில் எடுத்த குரோமோசோம் அறிக்கை, மரபணு மாற்ற அறிக்கை, இப்போதைய மஜ்ஜைப் பரிசோதனை, எஞ்சிய நோயை அளக்கும் எம்.ஆர்.டி. பரிசோதனை ஆகிய நான்கும் கையில் இருக்க வேண்டும். முதல் அறிக்கையைத் தொலைத்துவிடும் குடும்பங்கள் பல; சிகிச்சை தொடங்கியபின் அதே தகவலைத் திரும்பப் பெறுவது பெரும்பாலும் இயலாது என்பதால், அதைப் பத்திரப்படுத்துவதே முதல் வேலை. நோயின் வகை, குரோமோசோம் நிலை, தணிந்திருக்கிறதா இல்லையா என்பவற்றை வைத்து நோயாளிகளை நான்கு பிரிவாக்கும் நோய் இடர்க் குறியீடு ஒன்று உண்டு. 13,131 நோயாளிகளின் பதிவுகளைக் கொண்டு 2014-இல் செப்பனிடப்பட்ட அதன் வடிவத்தில், இரண்டு ஆண்டுகள் கடந்து உயிருடன் இருந்தவர்கள் குறைந்த இடர்ப் பிரிவில் 66 சதவீதம், இடைநிலையில் 51, உயர் இடரில் 33, மிக உயர் இடரில் 23 சதவீதம். நம் நோயாளி இடைநிலைப் பிரிவில் வருகிறார்.

அத்துடன் நின்றுவிட்டால் கணக்கு தவறிவிடும். இந்தக் குறியீடு குரோமோசோம்களைத்தான் பார்க்கிறது, எஃப்.எல்.டி.3 மாற்றம் அதன் கண்ணில் படுவதில்லை. முதல் தணிவில் மாற்று சிகிச்சைக்குச் சென்ற ஏ.எம்.எல். நோயாளிகளின் இரத்தத்தைச் சிகிச்சைக்குச் சற்று முன் பரிசோதித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2023-இல் வெளியானது. எஃப்.எல்.டி.3–ஐ.டி.டி. அல்லது என்.பி.எம்.1 என்ற மற்றொரு மரபணு மாற்றத்தின் தடயம் இரத்தத்தில் எஞ்சியிருந்தவர்களில் 68 சதவீதத்தினருக்கு மூன்று ஆண்டுகளுக்குள் நோய் திரும்பியது. எஞ்சியிராதவர்களில் அது 21 சதவீதம். மூன்றாம் ஆண்டில் உயிருடன் இருந்தவர்கள் முறையே 39, 63 சதவீதம். மஜ்ஜை அறிக்கையில் "தணிவு" என்று ஒரே சொல்லால் எழுதப்பட்ட இரண்டு பேருக்கு இடையே இவ்வளவு தூரம் இருக்கிறது. என் கருத்தில், இன்று ஏ.எம்.எல். நோயாளி ஒருவரின் குடும்பம் கேட்க வேண்டிய கேள்விகளில் முதன்மையானது "எம்.ஆர்.டி. எந்த முறையில் பார்த்தீர்கள், எந்த அளவு வரை கண்டுபிடிக்கும்?" என்பதே. ஏ.எல்.எல். என்ற மற்றொரு லுகேமியா வகையிலும் இந்தப் பரிசோதனையின் எடை பெரியது.

அடுத்தது நோயாளியின் உடல். சியாட்டிலில் உள்ள பிரெட் ஹட்சின்சன் மையத்தில் முகமது சோரர் குழுவினர் 2005-இல் வெளியிட்ட துணைநோய்க் குறியீடு 17 உடல்நலக் குறைகளுக்கு ஒன்று முதல் மூன்று வரை புள்ளி தருகிறது. இங்கே நுணுக்கமாகப் படிக்க வேண்டும். உணவுக் கட்டுப்பாட்டில் மட்டும் இருக்கும் சர்க்கரைக்குப் புள்ளி இல்லை. மாத்திரையோ இன்சுலினோ தேவைப்பட்டால் ஒரு புள்ளி. சிகிச்சை பெறும் மனச்சோர்வுக்கும் ஒரு புள்ளி. மாற்று நாளுக்குப் பிறகும் மருந்து தொடர வேண்டிய பூஞ்சைத் தொற்று போன்றவற்றுக்கும் ஒன்று. முன்பு வேறொரு புற்றுநோய் இருந்திருந்தால் மூன்று. நுரையீரலில் வாயு கடக்கும் திறனோ, ஒரு விநாடியில் ஊதி வெளியேற்றும் காற்றின் அளவோ எதிர்பார்க்கப்படுவதில் 66 முதல் 80 சதவீதத்திற்குள் இருந்தால் இரண்டு புள்ளி. 65 அல்லது அதற்குக் கீழே போனால் மூன்று. லுகேமியா நோயாளிகளுக்கு இரத்தசோகை சகஜம். ஹீமோகுளோபின் குறைந்திருந்தால் வாயு கடக்கும் திறன் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். ஆகவே அந்த எண் ஹீமோகுளோபினுக்கு ஏற்பத் திருத்தப்பட்டதா என்று அறிக்கையில் பார்க்க வேண்டும். திருத்தாத எண்ணால், நல்ல நுரையீரல் உள்ளவரும் மோசமான பிரிவில் தள்ளப்படலாம்.

நம் நோயாளிக்கு நுரையீரல் அளவு, திருத்திய பிறகு, 72 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நுரையீரலுக்கு இரண்டு, சர்க்கரைக்கு ஒன்று, மொத்தம் மூன்று. 40 வயது அல்லது அதற்கு மேல் என்பதற்குப் பின்னர் சேர்க்கப்பட்ட ஒரு புள்ளியுடன் நான்கு. முதல் ஆய்வில் நோய் திரும்பாமலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் இறந்தவர்கள், பூஜ்யப் புள்ளியினரில் 14 சதவீதம், ஒன்று அல்லது இரண்டு புள்ளியினரில் 21, மூன்றும் அதற்கு மேலும் பெற்றவர்களில் 41 சதவீதம். அவை 1997 முதல் 2003 வரை நடந்த சிகிச்சைகளின் எண்கள். அதற்குப் பின் தொற்றுத் தடுப்பும் ஜி.வி.ஹெச்.டி. தடுப்பும் வெகுவாக முன்னேறியிருப்பதால், புள்ளி கூடினால் ஆபத்தும் கூடும் என்ற வரிசையை மட்டும் நம்பலாம். 41 என்ற எண்ணை அப்படியே இன்றைய நோயாளிக்குப் பொருத்தக் கூடாது.

கொடையாளரும் கணக்கில் வருகிறார். ஐரோப்பிய மாற்று சிகிச்சைக் கூட்டமைப்பின் குறியீட்டில் ஆண் நோயாளிக்குப் பெண் கொடையாளர் என்பதற்கு ஒரு புள்ளி கூடும். உறவல்லாத கொடையாளர்களைப் பற்றிய 2016-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில் கொடையாளரின் வயது பத்து ஆண்டு கூடும்போதெல்லாம் இறப்பு அபாயம் சுமார் 5.5 சதவீதம் கூடியது. இவை தங்கையை ஒதுக்கிவிடும் அளவுக்குப் பெரிய வேறுபாடுகள் அல்ல; இளம் கொடையாளரைத் தேடும் மாதங்களில் நோய் திரும்பினால் இழப்பு அதைவிடப் பெரிது.

மாற்றுக்கு முன் கீமோதெரபியாகவோ கதிர்வீச்சாகவோ தரும் ஆயத்த சிகிச்சையின் வீரியத்தில்தான் இரு ஆபத்துகளும் நேருக்கு நேர் மோதுகின்றன. ஏ.எம்.எல்., எம்.டி.எஸ். (லுகேமியாவாக மாறக்கூடிய மஜ்ஜைக் கோளாறு) நோயாளிகளிடம் முழு வீரியத்தையும் குறைந்த வீரியத்தையும் ஒப்பிட்டு, 2017-இல் முடிவு வெளியான அமெரிக்கச் சோதனையில், 18 மாதங்களுக்குள் நோய் திரும்பியது குறைந்த வீரியத்தில் 48 சதவீதம், முழு வீரியத்தில் 13.5 சதவீதம், சிகிச்சையால் இறந்தவர்களோ முறையே 4, 16 சதவீதம். பின்னர் அதே நோயாளிகளின் இரத்த மாதிரிகளை ஆராய்ந்தபோது, மரபணுத் தடயம் எஞ்சியிருந்தவர்களிடமே குறைந்த வீரியத்தின் பாதிப்பு அதிகமாகத் தெரிந்தது. நம் நோயாளியின் எம்.ஆர்.டி. முடிவும் நுரையீரல் எண்ணும் ஒரே மேசையில் வைக்கப்பட வேண்டியது இதனால்தான். தடயம் இருந்து, நுரையீரல் தாங்கும் என்றால் வீரியத்தைக் கூட்டுவது நியாயம். தடயம் இல்லையென்றால் உடலைக் காப்பது நியாயம்.

இந்தக் குறியீடுகள் எந்த அளவுக்கு நம்பத்தக்கவை? 28,236 ஐரோப்பிய நோயாளிகளின் தரவைக் கணினிக் கற்றல் முறைக்குக் கொடுத்து, முதல் 100 நாட்களில் யார் இறப்பார் என்று கணித்த ஆய்வு 2015-இல் வந்தது. அதன் பிரித்தறியும் அளவு 0.701, பழைய ஐரோப்பியக் குறியீட்டிற்கு 0.646. அதாவது இறந்தவர் ஒருவரையும் பிழைத்தவர் ஒருவரையும் பக்கத்தில் நிறுத்தினால், அதிக ஆபத்துள்ளவரைச் சரியாகச் சொல்வது நூற்றுக்கு எழுபது முறை. நாணயம் சுண்டினாலே ஐம்பது முறை சரியாக வரும். கணினியும் ஓரளவுக்குத்தான் உதவியது. மேலும் இக்குறியீடுகள் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பியப் பதிவுகளிலிருந்து பிறந்தவை. வேலூரிலோ சென்னையிலோ சிகிச்சை பெறுபவர், தம்மைப் போன்ற வயதும் நோய்நிலையும் உள்ளவர்களிடம் அந்த மையம் அண்மை ஆண்டுகளில் கண்ட பலன் என்ன என்று கேட்பது அவசியம்.

மாற்று சிகிச்சை செய்யாவிட்டால் என்ன ஆகும் என்ற எண்ணையும் உடன் கேட்க வேண்டும். மரபணு நிலை சாதகமாக இருந்து, எம்.ஆர்.டி.யும் மறைந்துவிட்ட ஏ.எம்.எல். நோயாளிக்கு முதல் தணிவில் கீமோதெரபியே போதும் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. அப்படிப்பட்டவருக்கு மாற்று சிகிச்சையின் பலன் நன்றாகத் தெரிந்தாலும் அது தேவையற்ற ஆபத்தாகிவிடும்.

மதிப்பீடு சிகிச்சை நாளோடு முடிவதில்லை. நூறாவது நாளில் நோயாளியின் இரத்தத்தில் கொடையாளர் அணுக்களின் விகிதம், ஜி.வி.ஹெச்.டி.யின் தீவிரம், எம்.ஆர்.டி. ஆகியவற்றைக் கொண்டு மறுபடி கணக்கிட வேண்டும். முன்பு போட்ட கணக்கு அப்போது காலாவதியாகிவிடுகிறது. நோயின்றி இரண்டு ஆண்டுகளைக் கடந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து பார்த்த 2011-ஆம் ஆண்டு ஆய்வில், மாற்று நடந்து பத்து ஆண்டுகள் ஆனபோதும் சுமார் 85 சதவீதத்தினர் உயிருடன் இருந்தனர். சிகிச்சைக்கு முன் 50 சதவீதம் என்று கேட்டுக் கலங்கியவர், இரண்டாம் ஆண்டு முடிவில் மருத்துவரிடம் புதிய எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும், நீடித்த ஜி.வி.ஹெச்.டி. இருந்தால் அதையும் சேர்த்துக் கணக்கிடச் சொல்ல வேண்டும்.