பிரான்சில் ஆங்கில உதவி ஆசிரியர்: முதல் மாதத்தை ஓட்டுவது எப்படி?

நியமனக் கடிதம் வந்துவிட்டதா? வாழ்த்துகள். அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை 7 மாதம், வாரத்துக்கு 12 மணி நேரம், கையில் மாதம் சுமார் 800 யூரோ. பன்னிரண்டே மணி நேரம்தானே என்று நானும் புதுச்சேரியிலிருந்து ஜாலியாகத்தான் கிளம்பினேன். முதல் மாதம் வகுப்பில் நின்றதைவிட ஜெராக்ஸ் மெஷின் முன்னால் நின்றதுதான் அதிகம். எதை முதலில் செய்தால் அலைச்சல் குறையும் என்று மட்டும் சொல்கிறேன்.

படி 1: ஊரிலேயே முடிக்க வேண்டியது

பிறப்புச் சான்றிதழ். அப்பா அம்மா பெயரோடு, அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லும் என்று நம் அரசு தரும் சான்று) முத்திரையோடு இருக்க வேண்டும். அங்கே மருத்துவக் காப்பீட்டு எண் வாங்க இதுதான் கேட்பார்கள், பதிவு பெற்ற மொழிபெயர்ப்பாளர் செய்த பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு.

அப்புறம் நம் இனிஷியல் பிரச்சினை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக விரிந்திருந்தால் பிரான்ஸ் முழுக்க உங்களுக்கு அதுதான் பெயர். ஆசிரியர் அறையில் எனக்கு ஒதுக்கிய தபால் பெட்டியில் அப்பா பெயரை ஒட்டியிருந்தார்கள், அதைப் போட்டோ எடுத்து அனுப்பியதும் அவருக்குப் பெருமை தாங்கவில்லை. சிரிப்பு இருக்கட்டும், எல்லாப் படிவத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள்.

இரண்டு மாதச் செலவுக்குப் பணம் எடுத்துப் போங்கள். முதல் சம்பளம் நவம்பர் கடைசிவரைகூட இழுக்கலாம்.

படி 2: வீடு, வங்கி, மறுபடி வீடு

இதுதான் கஷ்டமான இடம். சம்பளம் வர வங்கிக் கணக்கு வேண்டும், கணக்குத் திறக்க முகவரிச் சான்று வேண்டும், வீட்டுக்காரரோ வங்கிக் கணக்கு இருக்கிறதா என்று கேட்பார். கோழியா முட்டையா கதைதான். தப்பிக்க வழி: உங்களுக்குப் பொறுப்பான ஆசிரியரிடம், "இவர் என் வீட்டில் தங்கியிருக்கிறார்" என்று ஒரு கடிதம் கேளுங்கள். அதற்கு 'அத்தெஸ்தாசியோன் தெபெர்ஜ்மான்' என்று பெயர். உண்மையிலேயே சில நாள் அவர் வீட்டில் தங்கினால்தான் கேட்க வேண்டும், பொய்க் கடிதம் வேண்டாம். நான் ஒரு வாரம் தங்கினேன், அவருடைய மின் கட்டண ரசீது நகலையும் சேர்த்துக் கொடுத்தார்.

வீடு தேடும் முன் பள்ளியிலேயே அறை இருக்கிறதா என்று கேளுங்கள், சில லிசேக்களில் (மேல்நிலைப் பள்ளிகளில்) தருவார்கள். வெளியே என்றால் வீட்டுக்காரர் ஜாமீன் கேட்பார், 30 வயதுவரை உள்ளவர்களுக்கு 'விசால்' என்ற இலவச ஜாமீன் இணையத்தில் கிடைக்கிறது. குடியேறிய உடனே வாடகை உதவிக்கு 'காஃப்' என்ற உதவித்தொகை அலுவலகத்தின் தளத்தில் விண்ணப்பியுங்கள், தள்ளிப்போட்டால் அந்த மாதப் பணம் போச்சு.

கையால் எழுதும்போது ஒரு விஷயம். அங்கே 1-க்கு நீளமான மூக்கு இருக்கும், 7-க்கு நடுவில் குறுக்குக் கோடு இருக்கும். கோடு போடாமல் நான் எழுதிய 7-ஐ 1 என்று படித்துவிட்டார்கள். என் வங்கி அட்டை யாரோ ஒரு பாட்டியின் தபால் பெட்டிக்குப் போய்விட்டது. நல்லவேளை, அவரே கொண்டுவந்து கொடுத்தார்.

படி 3: பள்ளியில் முதல் நாள்

அலுவலகத்தில் பணியில் சேர்ந்ததற்கான தாளில் கையெழுத்துப் போடாமல் வீட்டுக்குப் போகாதீர்கள். 'பே வே' என்பார்கள். அது மேலே போனால்தான் சம்பளம். முன்பணம் கேட்க முடியுமா என்றும் அங்கேயே விசாரியுங்கள். ஜெராக்ஸ் மெஷினுக்கான ரகசிய எண், கேன்டீன் அட்டை, சாவி மூன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

படி 4: மறந்துவிடும் வேலை

வந்த 3 மாதத்துக்குள் விசாவை இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். இப்போதே போனில் அலாரம் வையுங்கள். 27 வயதுக்குள் என்றால் 49 யூரோ ரயில் சலுகை அட்டையையும் வாங்கிவிடுங்கள், அக்டோபர் முடியும்போதே இரண்டு வார விடுமுறை வருகிறது.

படி 5: வகுப்பு

வகுப்பு எண் அங்கே இறங்குமுகம். ஆறாம் வகுப்பில் 11 வயதுப் பிள்ளைகள், மூன்றாம் வகுப்பில் 14 வயது. இது தெரியாமல் பெரிய பிள்ளைகளிடம் நிறங்களின் பெயர் சொல்லும் விளையாட்டைக் கொண்டுபோய் அவமானப்பட்டேன்.

முதல் வகுப்பில் உங்களுக்குப் பிரெஞ்சு தெரியும் என்று காட்டிக்கொள்ளாதீர்கள். தெரிந்தால் ஒருத்தரும் ஆங்கிலத்தில் வாய் திறக்க மாட்டார்கள். பாடமாக 'இரண்டு உண்மை, ஒரு பொய்' வையுங்கள், பொய்யைப் பிள்ளைகள் கேள்வி கேட்டே கண்டுபிடிக்க வேண்டும். நான் சொன்னவை: என் தாய்மொழியில் 247 எழுத்துகள், எங்கள் ஊரில் தெருக்களுக்குப் பிரெஞ்சுப் பெயர், நான் யானை மேல் பள்ளிக்குப் போனேன். யானையை எல்லாரும் நம்பினார்கள். 247-ஐத்தான் யாரும் நம்பவில்லை.

"ஹங்ரி" என்பதை அவர்கள் "ஆங்ரி" என்பார்கள், பிரெஞ்சில் எச் ஒலிக்காது. பசிக்கிறதா கோபமா என்று நடிக்கவைத்தால் அரை மணி நேரம் ஓடிவிடும். அன்று வகுப்பு முடிந்ததும் ஒரு பையன் தமிழில் தன் பெயரை எழுதித் தரச் சொன்னான். எச்-இல் தொடங்கும் பெயர். 'ஹ' போடுவதா விடுவதா என்று சாக்பீஸோடு கொஞ்ச நேரம் யோசித்தேன். போட்டேன். அவனுக்கு அந்த எழுத்துதான் ரொம்பப் பிடித்திருந்தது.