விமானத்தைக் காணோம் என்று செய்தி ஓடும் வாரத்தில் பயணம் இருந்தால்

டிக்கெட் போட்டாயிற்று, கோலாலம்பூரோ சிங்கப்பூரோ போக வேண்டும். டிவியைத் திறந்தால் காணாமல் போன விமானம். கடலூர், புதுச்சேரி வீடுகளில் இப்படிப்பட்ட நேரத்தில் பயணியைவிட வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் வயிற்றைக் கலக்கும். முதலில் அவர்களைக் கவனியுங்கள்.

ஒரு தாளில் விமான எண், கிளம்பும் நேரம், இறங்கும் நேரம் மூன்றையும் கொட்டை எழுத்தில் எழுதிக் காலண்டர் பக்கத்தில் ஒட்டுங்கள். நேரம் இரண்டும் நம்மூர்க் கணக்கில் இருக்கட்டும். டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரம்தான் இருக்கும். மலேசியா, சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். அங்கே காலை 9 மணி விமானம் நம் கடிகாரத்தில் 6.30க்கே கிளம்பிவிடும். பிள்ளை இன்னும் ஏர்போர்ட்டில்தான் இருப்பான் என்று அம்மா எட்டு மணிக்கு அழைத்தால் ‘ஸ்விட்ச் ஆஃப்’ என்று வரும். பாதிப் பதற்றம் இந்தக் கணக்குப் பிழையில் பிறப்பதுதான். இறங்கும் நேரத்தோடு இரண்டு மணி கூட்டி, ‘அதற்கு முன் போன் வராது’ என்றும் எழுதிவிடுங்கள்.

போனில் விமானத்தைப் பின்தொடரும் செயலியை வீட்டாருக்குப் போட்டுக் கொடுப்பதானால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நிலத்தில் இருக்கும் ரிசீவர்கள் சுமார் 400 கிலோமீட்டர் வரைதான் விமானத்தின் சிக்னலைப் பிடிக்கும். வங்காள விரிகுடாவின் நடுவில் புள்ளி நிற்கும், மறையும், அந்தமான் பக்கம் திரும்பத் தோன்றும். அது ரிசீவர் இல்லாத இடம், அவ்வளவுதான்.

செய்தியைக் காலை ஒருமுறை, மாலை ஒருமுறை பாருங்கள். தேடல் ஒரு நாளில் முடிகிற வேலை இல்லை. 2014 மார்ச் 8 அன்று 239 பேரோடு மறைந்த எம்எச் 370இன் இறக்கைத் துண்டு ரீயூனியன் தீவில் ஒதுங்கியது 2015 ஜூலையில். நம் கரையிலேயே, 2015 ஜூன் 8 இரவு மறைந்த கடலோரக் காவல்படையின் டோர்னியர் ரகச் சிறு விமானம், கடலூருக்கு அப்பால் சுமார் ஆயிரம் மீட்டர் ஆழத்தில் கிடைக்க ஒரு மாதம் ஆனது. இடையில் வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் ஊகம், ஃபார்வர்டு செய்யாதீர்கள். எம்எச் 370க்குப் பிறகு, கடல்மேல் பறக்கும் பெரிய பயணிகள் விமானத்தின் இருப்பிடம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை நிறுவனத்துக்குத் தெரிய வேண்டும் என்ற விதி 2018 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது.

பயண நாளில் இட்லி போதும். காபி வேண்டாம், அது படபடப்பைக் கூட்டும். அடுத்தவர் தரும் தூக்க மாத்திரையும் வேண்டாம். புதுச்சேரியிலிருந்து இசிஆரில் சென்னைக்கு மூன்று மணி நேரம், மழைக்காலத்தில் இன்னும் கூடுதலாகும். ஓடிப்போய் ஏறினால் அந்த மூச்சிரைப்பே பயமாக மாறும்.

இறக்கையோர இருக்கையில் ஆட்டம் குறைவு. (புதுச்சேரியின் லாஸ்பேட்டை விமான நிலையத்திலிருந்து ஏடிஆர் என்ற சிறிய விசிறி விமானத்தில் போனால் அங்கேதான் விசிறிச் சத்தம் அதிகம், பின்வரிசை தேவலாம்.) ஏறும்போதே பணிப்பெண்ணிடம் “எனக்குப் பறக்கப் பயம்” என்று சொல்லிவிடுங்கள், வெட்கமே வேண்டாம்.

தரையை விட்டதும் காலடியில் ‘டொம்’ என்று கேட்பது சக்கரம் உள்ளே மடங்குவது. அடுத்த ஓரிரு நிமிடத்தில் என்ஜின் இரைச்சல் சட்டென்று தணியும். விமானம் கீழே விழுவதுபோல் இருக்கும். பயப்படுகிறவர்கள் கைப்பிடியை இறுக்குவது இந்த இடத்தில்தான். புறப்பாட்டு விசையை விமானி குறைக்கிறார்; வேகம் கூடுவது தளர்ந்ததும் உள்காது அதை இறக்கம் என்று தப்பாகச் சொல்கிறது. விமானம் ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

கை மரத்து, தலை சுற்றினால் மூச்சை வேகமாக இழுத்துவிடுகிறீர்கள் என்று அர்த்தம். மூக்கால் நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள், ஐந்து நிமிடம். ஆழமாக இழுக்க முயலாதீர்கள், அது தலைச்சுற்றலைக் கூட்டும். பெல்ட்டை இடுப்பெலும்பின் மேல் இறுக்கமாக, பெல்ட் போடச் சொல்லும் விளக்கு அணைந்த பிறகும் போட்டபடியே இருங்கள். குலுங்கும்போது அடிபடுகிறவர்கள் பெரும்பாலும் பெல்ட் போடாதவர்கள்.

இறங்கியதும் ஏர்போர்ட் வைஃபையில் ‘எறங்கிட்டேன்’ என்று ஒரு வரி அனுப்புங்கள். இமிக்ரேஷன் வரிசைக்கு முன்பே அனுப்பிவிடுங்கள். சில இடங்களில் அங்கே போனை எடுக்க விடமாட்டார்கள்.