மலையகத்து வீட்டின் வெளிச்சுவரையும் ஜன்னல்களையும் துப்புரவு செய்யும் முறை

இலங்கையின் மலையகத்தில் ஒரு வீட்டின் வெளிப்புறம் கெடுவதற்கு முதற்காரணம் ஈரம். வட்டவளை, கினிகத்தேனை போன்ற மேற்குச் சரிவுகளில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் மேலாக மழை பெய்கிறது. மழையில்லாத நாட்களிலும் பிற்பகலில் இறங்கும் மூடுபனி சுவரையும் கண்ணாடியையும் நனைத்துவிட்டுப் போகிறது. அந்த ஈரத்தில் பாசி பிடிக்கிறது, பூஞ்சணம் படர்கிறது, ஜன்னல் மரம் ஊதிச் சாத்த முடியாமல் இறுகுகிறது, கீல்களில் கறல் ஏறுகிறது. ஆகவே இங்கே வீட்டைக் கழுவ முற்படுபவர், ஊற்றுகிற தண்ணீர் எப்போது காயும் என்பதையே முதலில் கணக்கிட வேண்டும். கழுவிய சுவர் அன்று மாலைக்குள் காயாவிட்டால், அகற்றிய பாசியைக் காட்டிலும் கூடுதலான பாசிக்கு நாமே இடம் கொடுத்தவர்களாவோம். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்துக் காம்பராவானாலும் (அறையானாலும்), 7 பேர்ச் காணியில் எழுந்த தனிவீடானாலும், நகரத்து மாடிவீடானாலும் இந்தக் கணக்கு மாறுவதில்லை.

காலமும் நேரமும்

மலையகம் முழுவதற்கும் ஒரே மழைக்காலம் கிடையாது. அட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கங்களில் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை அடிக்கிறது. எனவே அங்கே பெப்ரவரி, மார்ச் மாதங்களின் வெயிலே பெரிய துப்புரவுக்கு ஏற்றது. பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கங்களிலோ ஒக்டோபரில் தொடங்கும் மழை வடகீழ்ப் பருவக்காற்றோடு சேர்ந்து ஜனவரி வரையும் நீடிப்பதால், ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் வேலையை முடித்துக்கொள்வது நல்லது.

தீபாவளிக்கு முந்திய வாரத்தில்தான் வீட்டைக் கழுவி வர்ணம் பூசுவது நம்மவர்களின் வழக்கம். பண்டிகை முற்பணம் கையில் வரும் நேரமும் அதுவே என்பதால் அந்த வழக்கத்தைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் தீபாவளி பெரும்பாலும் இரு பருவமழைகளுக்கும் நடுவிலான இடைமழைக் காலத்தில் வருகிறது. ஈரம் ஊறிய சுவரின்மேல் எமல்ஷன் பூசினால், உள்ளிருக்கும் நீர் வெளியேற வழியில்லாமல் வர்ணத்தைக் கொப்புளமாகத் தள்ளிப் பெயர்த்துவிடும். சுவர் கழுவும் வேலையையாவது வெயில் மாதங்களில் முடித்துவிட்டு, பண்டிகைக்கு ஜன்னல், கதவு, இஸ்தோப்பு (முன் விறாந்தை) ஆகியவற்றை மட்டும் துடைத்துக்கொள்வதே சிக்கனமான வழி. வெள்ளையடிப்பதாக இருந்தால் சுண்ணாம்பு இந்த இடத்தில் உதவும்; அது இலேசான ஈரத்தில் நன்றாகவே பிடிக்கும், அதன் காரத்தன்மை பாசியையும் பூஞ்சணத்தையும் சில காலம் அண்டவிடாது.

நாளின் பொழுதும் முக்கியம். காலைப் பனித்துளி உலர்ந்த பிறகு, ஏறத்தாழ ஒன்பது மணிக்குத் தொடங்கி, மூடுபனி இறங்கும் முன் கடைசித் துடைப்பும் முடியும்படி ஒரு நாளைக்கு ஒரு பக்கச் சுவரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வீடு முழுவதையும் ஒரே நாளில் நனைப்பது தேவையற்றது.

கைவைப்பதற்கு முன்

முதலில் வீட்டைச் சுற்றி நடந்து, இறவாரத்தின் அடியிலும், கூரை மூலைகளிலும், அருகிலுள்ள மரக்கிளைகளிலும் குளவிக்கூடு இருக்கிறதா என்று பாருங்கள். தேயிலை மலைகளில் குளவி கொட்டி உயிரிழந்தோர் பலர். துடைப்பத்தின் ஒரு தட்டு போதும், கூடு கலைந்துவிடும். கூட்டைக் கண்டால் அந்தப் பக்கத்து வேலையை நிறுத்திவிடுங்கள். புகை போட்டோ கல் எறிந்தோ அதைக் கலைக்க முயலாமல், தோட்ட நிர்வாகத்துக்கோ கிராம உத்தியோகத்தருக்கோ தெரிவித்து, பழக்கமுள்ளவர்களைக் கொண்டு அகற்றிய பின் தொடருங்கள்.

ஏணியைப் பொறுத்தவரை நம் நிலத்தின் சரிவுதான் பெரிய ஆபத்து. கல்லடுக்கி ஏணிக்காலைச் சமப்படுத்துவது எங்கும் காணப்படும் பழக்கமாயினும், அது கட்டாயம் கைவிடப்பட வேண்டியது. மேட்டுப்பக்க மண்ணைச் சற்று வெட்டி இரு கால்களும் ஒரே மட்டத்தில் இறுகி நிற்கும்படி செய்யுங்கள். நான்கு அடி உயரத்துக்கு ஓர் அடி என்ற அளவில் ஏணியின் அடி சுவரிலிருந்து விலகியிருக்க வேண்டும், கீழே ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மின்கம்பி வீட்டுக்குள் நுழையும் பக்கத்தில் அலுமினிய ஏணியை நிறுத்தவே கூடாது. நீண்ட மூங்கிற்கழியின் நுனியில் ரப்பர் வைப்பரையோ துணி சுற்றிய பிரஷையோ கட்டிக்கொண்டால், பெரும்பாலான வேலைக்கு ஏணியே தேவைப்படாது. பாசி பிடித்த தகரத்தின்மேல் ஏறுவதை எந்த நிலையிலும் தவிர்த்துவிடுங்கள்.

கூரை அஸ்பெஸ்டஸ் தகடாக இருந்தால் அதைத் தேய்க்க வேண்டாம். உலர்ந்த தகட்டைக் கம்பி பிரஷால் உரசினாலும், அதிக அழுத்தத்தில் நீரைப் பாய்ச்சினாலும், கண்ணுக்குத் தெரியாத நார்த்துகள்கள் காற்றில் கலந்து நுரையீரலில் தங்கிவிடும். அதனால் வரும் நோய்கள் பல ஆண்டுகளுக்குப் பின்னரே வெளிப்படுகின்றன. அந்தக் கூரையில் பாசி இருப்பது பார்வைக்குக் குறையே தவிர உடலுக்குக் கேடில்லை. அதை அப்படியே விட்டுவிடலாம்.

பீலியும் கானும்

எந்த வீட்டிலும் துப்புரவு மேலிருந்தே தொடங்க வேண்டும். கூரைப் பீலியில் கிரவீலியா, யூக்கலிப்டஸ் இலைகள் அடைத்துக்கொண்டால் மழைநீர் சுவர்வழியே வழிகிறது. பச்சைக் கோடுகளாகச் சுவரில் காணப்படும் பாசியின் மூலம் பல வேளைகளில் அங்கேதான் இருக்கிறது. இலைகளை ஏணியில் நின்றபடி கையுறையணிந்து அள்ளி வாளியில் போட்டு இறக்குங்கள்; நீர் தேங்கி நிற்கும் பீலி, கண்டி, கம்பளை போன்ற இடங்களில் டெங்கு நுளம்புக்கும் இடமாகிவிடும். வீட்டின் கோடிப்புறத்துக் கானையும் (வடிகாலையும்) அதே நாளில் வாரிவிட வேண்டும். கழுவும் நீர் ஓடிப்போக வழி இல்லாமல் அத்திவாரத்தோரம் தேங்கினால், செய்த வேலையெல்லாம் வீண்.

சுவர்

சுவரின் அடிப்பகுதியில், முழங்கால் உயரம் வரை, செம்மண் தெறித்த கறை இருக்கும். அதை நனைத்துவிட்டால் மண்ணின் நிறம் சுவருக்குள் இறங்கிவிடும் என்பதால், முதலில் உலர்ந்த நிலையிலேயே தும்புத்தடியாலோ ஈர்க்குமாற்றாலோ நன்றாகத் தட்டி உதிர்த்துவிட்டு, மிஞ்சிய கறையை மட்டும் சவர்க்கார நீரால் தேயுங்கள். இறவாரத்து நீர் விழும் கோட்டில் இரண்டு சாண் அகலத்துக்குச் சல்லிக்கல் பரப்பினால், அடுத்த மழைக்கு மண் தெறிப்பது பெருமளவு குறைந்துவிடும்; ஆண்டுதோறும் தேய்ப்பதைவிட ஒருமுறை கல் பரப்புவது மேல் என்பது என் உறுதியான கருத்து.

பாசிக்கு வருவோம். தடித்து மெத்தென்று வளர்ந்ததைச் சிரட்டைத் துண்டாலோ மரச்சீவலாலோ சுரண்டி எடுங்கள். இரும்புத் தகடு பூச்சைக் கீறிவிடும், அந்தக் கீறலுக்குள் அடுத்த பாசி வேர்விட்டதுபோல் பிடித்துக்கொள்ளும். சுரண்டிய பின் சுவரில் தங்கும் பச்சைப்படலமும் கருப்புப் புள்ளிகளும் உயிருள்ளவை. அவற்றைக் கொல்லாமல் தேய்த்தால் சில வாரங்களில் திரும்பிவிடும். கடையில் கிடைக்கும் திரவ ப்ளீச் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, அடியிலிருந்து மேல்நோக்கிப் பூசுங்கள். மேலிருந்து பூசினால் வழியும் நீர் உலர்ந்த சுவரில் கோடு போடும். பத்துப் பதினைந்து நிமிடங்கள் விட்டுத் தும்பு பிரஷால் தேய்த்து, இப்போது மேலிருந்து கீழாக நல்ல தண்ணீரால் அலசுங்கள். கையுறையும் கண்ணுக்குக் காப்பும் அவசியம். ப்ளீச்சோடு வினாகிரியையோ கழிவறை அமிலத்தையோ ஒருபோதும் கலக்கக் கூடாது; நச்சுத்தன்மை கொண்ட குளோரின் வாயு எழும்.

மலைச்சரிவில் வாழ்பவர்கள் இன்னொன்றையும் எண்ண வேண்டும். நம் வீட்டில் ஊற்றும் நீர் கீழ் வரிசை லயத்து வாசலைக் கடந்தே ஓடைக்குப் போகிறது. வழியில் கரட், லீக்ஸ் பாத்திகளும் குடிநீர் எடுக்கும் பீலியும் இருக்கலாம். அப்படிப்பட்ட இடத்தில் ப்ளீச்சை வாளிக்கணக்கில் ஊற்றுவது அடுத்தவருக்குச் செய்யும் கெடுதி. பிரஷால் தொட்டுத் தொட்டுப் பூசி, சுவரடியில் பழைய சாக்கை விரித்து வழிவதை உறிஞ்சச் செய்து, கீழ்வீட்டாரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். பாத்திகளை முதலில் வெறும் நீரால் நனைத்து வைத்தால் தெறிக்கும் துளிகளால் பயிர் கருகாது.

பழைய லயங்களின் சுவர்கள் கருங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டவை. அந்தச் சாந்து ஈரத்தை உள்வாங்கி மீண்டும் வெளியே விடும் இயல்புடையது. அதைச் சீமெந்தால் மூடியோ எண்ணெய் வர்ணத்தால் அடைத்தோ வைத்தால் ஈரம் காம்பராவின் உட்புறமாகத் திரும்பும். அத்தகைய சுவருக்கு மென்மையான பிரஷும் சுண்ணாம்பு வெள்ளையுமே தகும். நகரங்களில் வாடகைக்குக் கிடைக்கும் அழுத்தநீர் இயந்திரத்தை அங்கே பயன்படுத்தினால் கற்களுக்கிடையிலுள்ள சாந்து உதிர்ந்து கொட்டிவிடும். சீமெந்து பூசிய புதுச்சுவருக்கு அந்த இயந்திரம் ஏற்றதுதான் என்றாலும், வெடிப்புகளுக்குள்ளும் ஜன்னல் ஓரங்களிலும் நேராகப் பாய்ச்ச வேண்டாம்.

ஜன்னல்

சுவர் முடிந்து, தெறித்ததெல்லாம் காய்ந்த பிறகே ஜன்னலுக்கு வர வேண்டும். சுண்ணாம்போ சீமெந்து நீரோ கண்ணாடியில் பட்டிருந்தால் மட்டும் காத்திருக்காமல் அப்போதே கழுவிவிடுங்கள். அவற்றின் காரம் நாட்பட்டால் கண்ணாடியையே அரித்து, எதற்கும் போகாத மங்கலை உண்டாக்கும்.

முதலில் மரச்சட்டம். கீழ்ச்சட்டத்தின் வெளிவிளிம்புக்கு அடியில் நீர் சொட்டுவதற்காக ஒரு சிறு பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். அதில் பாசி அடைத்திருந்தால் நீர் சுவருக்குள் வழிந்து சட்டத்தின் அடியை உளுத்துப்போகச் செய்யும். ஈர்க்கில் ஒன்றால் அதைச் சுரண்டிச் சுத்தம் செய்வது இரண்டு நிமிட வேலை, ஆனால் ஜன்னலின் ஆயுள் அதில் இருக்கிறது. சட்டத்தைப் பிழிந்த துணியால் மட்டும் துடையுங்கள். பூஞ்சணம் இருந்தால் வினாகிரி தொட்ட துணியால் துடைத்து, கதவைத் திறந்தபடியே காயவிடுங்கள். கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் புட்டி வெடித்து உதிர்ந்த இடங்களைக் குறித்துக்கொண்டு, மரம் முழுவதும் காய்ந்த பின் புதிதாக அடைத்து எனாமல் பூசுங்கள். கிறில்லிலும் கீலிலும் உள்ள கறலைக் கம்பி பிரஷால் உரசி எடுத்து, அன்றைக்கே கறல் தடுக்கும் அன்டிகொரோசிவ் வர்ணம் பூச வேண்டும். உரசிய இரும்பை ஓர் இரவு மூடுபனியில் விட்டால் மறுநாள் மீண்டும் கறல் பூத்திருக்கும்.

கண்ணாடிக்கு இதமான சூட்டில் தண்ணீர் எடுங்கள். ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரிக் காலைகளில் உறைபனி காணப்படுவதுண்டு; அந்தக் குளிரேறிய கண்ணாடியில் கொதிநீர் பட்டால் விரிசல் விடும். அரை வாளி நீருக்குச் சில துளி திரவச் சவர்க்காரமே போதும். யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல் நிலத்து நீரைப்போலன்றி நம் மலையூற்று நீர் பெரும்பாலும் மென்னீர். அதில் சிறிது சவர்க்காரமே நிறைய நுரைக்கும், கூடுதலாகப் போட்டதெல்லாம் கண்ணாடியில் படலமாகத் தங்கும்.

விறகடுப்புள்ள குசினியின் ஜன்னலுக்குத் தனிக் கவனம் வேண்டும். புகைக்கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்த மஞ்சட்படலம் சவர்க்காரத்துக்கு அசையாது. அடுப்புச் சாம்பலை மெல்லிய துணியில் சலித்து, மணலும் கரித்துண்டும் நீங்கிய தூளைத் தண்ணீரில் குழைத்து, மென்துணியால் வட்டமாகத் தேயுங்கள்; சாம்பலின் காரம் பிசுக்கைக் கரைத்துவிடும். நம் பாட்டிமார் பித்தளைக்கும் கண்ணாடிக்கும் இதைத்தான் பயன்படுத்தினார்கள், கடையில் விற்கும் திரவங்களைவிட இது இந்த அழுக்குக்கு நன்றாகவே வேலைசெய்கிறது. சலிக்காத சாம்பல் கீறிவிடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

கழுவிய கண்ணாடியை ரப்பர் வைப்பரால் மேலிருந்து கீழாக இழுத்து, ஒவ்வோர் இழுப்புக்கும் விளிம்பைத் துணியில் துடைத்துக்கொள்ளுங்கள். கோடுகள் தெரிந்தால் ஒரு பங்கு வினாகிரிக்கு மூன்று பங்கு நீர் கலந்து தெளித்து, கசக்கிய பத்திரிகைத் தாளால் மெருகிடலாம். வெள்ளைச் சட்டத்தில் மை ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நேர்வெயில் படும் கண்ணாடியை அப்போது தொடாமல், வெயில் விலகிய பக்கத்திலிருந்து தொடங்கினால் நீர் அவசரமாகக் காய்ந்து கோடு விழாது.

கழுவிய சுவர் காட்டுவது

பாசி நீங்கிய சுவரில் இதுவரை மறைந்திருந்த வெடிப்புகள் தெரியவரும். மயிரிழை போன்றவற்றை அடைத்துவிடலாம். மூலைகளிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பு, திடீரென்று சாத்த மறுக்கும் கதவு, முற்றத்து மண்ணில் தோன்றும் பிளவு, கலங்கிய நீர் கசியும் புது ஊற்று ஆகியவை சேர்ந்து காணப்பட்டால் நிலமே அசைவதாக இருக்கலாம். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடிய துயரத்தை அறிந்த நாம் அத்தகைய அடையாளத்தைச் சீமெந்தால் பூசி மறைக்கக் கூடாது. வெடிப்பின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதியை எழுதி, கைப்பேசியில் படமும் எடுத்து வையுங்கள். கோட்டைத் தாண்டி அது நீண்டாலோ அகன்றாலோ, மழை தொடங்குவதற்கு முன்பே கிராம உத்தியோகத்தர் ஊடாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு அறிவித்துவிடுங்கள். மழை ஏற்கெனவே கொட்டிக்கொண்டிருந்தால், யாருடைய பதிலுக்கும் காத்திராமல் வீட்டாரை அழைத்துக்கொண்டு பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட வேண்டும்.