ஒரு பேட்டரி, ஒரு பல்பு, ஒரு வயர்: தொடக்கப்பள்ளியில் முதல் அறிவியல் வகுப்பு

கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளிக்குப் போகிறீர்கள். அறிவியல் பாடம் எடுக்க வேண்டும், கையில் பாடக்குறிப்பும் ஒரு சார்ட்டும் இருக்கின்றன. சார்ட்டைக் கரும்பலகையில் மாட்டி, "இதுதான் மின்சுற்று, எல்லாரும் சொல்லுங்க" என்று தொடங்கினால் வகுப்பு சத்தமாகச் சொல்லும். அடுத்த நாள் ஒரு குழந்தையிடம் பேட்டரியையும் பல்பையும் கொடுத்து எரிய வைக்கச் சொல்லுங்கள். பல குழந்தைகளால் முடியாது. சொல் வந்திருக்கிறது, விஷயம் வரவில்லை.

இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும். குழந்தை முதலில் கையால் செய்து பார்க்கட்டும், பெயர் பிறகு வரட்டும். நான்காம், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளை வைத்து இந்த ஒரு பாடத்தை ஒழுங்காக நடத்திப் பழகினால், மிதத்தல், காற்று, விதை முளைத்தல் என்று மற்ற பாடங்களுக்கும் இதே நடைமுறை கைகொடுக்கும்.

படி 1: பொருள் வாங்குவது

24 குழந்தைகள் என்றால் மூவர் குழுவாக 8 குழு. நால்வர் வைத்தால் ஒருவர் வேடிக்கை பார்ப்பவர் ஆகிவிடுவார். வாங்க வேண்டியவை:

- 1.5 வோல்ட் டார்ச் பேட்டரி: 8, உபரி 4. கடிகாரத்துக்குப் போடும் பேனா பேட்டரியும் போதும். தடித்த பேட்டரி சின்னக் கைகளுக்குப் பிடிக்க எளிது.
- 2.5 வோல்ட் டார்ச் பல்பு, திருகு உள்ளது: 8, உபரி 4.
- உறையிட்ட மெல்லிய செம்பு வயர், 20 செ.மீ. துண்டுகள்: 28.
- சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் வளையம் அல்லது இன்சுலேஷன் டேப்.

பல்பில்தான் முதல் சிக்கல் வரும். கடையில் "டார்ச் பல்பு" என்று மட்டும் கேட்டால் எல்.இ.டி. கொடுத்துவிடுவார்கள். "உள்ளே கம்பி இருக்கிற பழைய பல்பு, 2.5 வோல்ட்" என்று கேளுங்கள். பல்பின் உலோகப் பகுதியில் வோல்ட் அச்சிட்டிருக்கும், படித்துப் பாருங்கள். 6 வோல்ட் பல்பு வாங்கிவிட்டால் ஒரு பேட்டரியில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எரியாது. குழந்தை சரியாக இணைத்திருந்தும் தவறு என்று நினைத்துக்கொள்ளும்.

முதல் பாடத்துக்கு எல்.இ.டி. வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. அது ஒரு திசையில் இணைத்தால் மட்டும் எரியும், ஒரு பேட்டரியும் போதாது. உள்ளே மின்சாரம் எந்த வழியாகப் போகிறது என்று கண்ணால் பார்க்கவும் முடியாது. வேறு வழியே இல்லையென்றால் சிவப்பு எல்.இ.டி. எடுங்கள், இரண்டு பேட்டரியைத் தொடராக வைத்து, 100 ஓம் மின்தடை ஒன்றைச் சேர்த்து, நீளமான காலை நேர்மின் முனைப் பக்கம் இணையுங்கள்.

பல்பு தாங்கியும் பேட்டரி பெட்டியும் முதல் வகுப்பில் வேண்டாம். அவை வேலையை எளிதாக்கும், ஆனால் குழந்தை கண்டுபிடிக்க வேண்டிய இரண்டு தொடும் இடங்களை மறைத்துவிடும்.

படி 2: முந்தைய நாள் மாலை நீங்கள் செய்து பார்ப்பது

இதைத் தவிர்க்கவே கூடாது. ஒவ்வொரு வயர்த் துண்டின் இரு நுனியிலும் 2 செ.மீ. உறையை நீங்களே சீவிவிடுங்கள். பிளேடைக் குழந்தைகளிடம் கொடுக்க வேண்டாம். உள்ளே பல இழைகள் இருந்தால் முறுக்கி ஒன்றாக்குங்கள். பழைய மோட்டாரிலிருந்து எடுத்த பளபளப்பான செம்புக் கம்பி என்றால் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத பூச்சு இருக்கும். நுனியை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்தால்தான் மின்சாரம் கடக்கும். "எல்லாம் சரியா வச்சிருக்கோம் மிஸ், எரியல" என்று வரும் புகார்களில் இந்தப் பூச்சுக்குப் பெரிய பங்கு உண்டு.

பிறகு ஒரு பேட்டரி, ஒரு பல்பு, ஒரே ஒரு வயர் மட்டும் எடுத்துக்கொண்டு பல்பை எரிய வையுங்கள். பட்டப்படிப்பு முடித்தவர்களும் இதில் தடுமாறுவது உண்டு. வழி இதுதான்: பல்பின் அடிப்புள்ளியைப் பேட்டரியின் குமிழ் மேல் நேராக நிறுத்துங்கள். வயரின் ஒரு நுனியைப் பேட்டரியின் தட்டையான அடிப்பகுதியிலும், மறு நுனியைப் பல்பின் பக்கவாட்டுத் திருகு உலோகத்திலும் தொடுங்கள். பேட்டரியைத் தலைகீழாக்கினாலும் எரியும். பல்பைப் பக்கவாட்டாகப் படுக்க வைத்து, திருகு உலோகம் பேட்டரியைத் தொட, வயர் அடிப்புள்ளிக்குப் போனாலும் எரியும். இப்படி நான்கு வழிகள் இருக்கின்றன. நான்கையும் செய்து பார்த்துவிட்டு வகுப்புக்குப் போங்கள்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதையும் உள்வாங்கிக்கொள்ளுங்கள். பல்பின் உள்ளே எரிகிற கம்பியான மின்னிழைக்கு இரண்டு முனைகள். ஒன்று அடிப்புள்ளியில் பற்றவைக்கப்பட்டிருக்கிறது, மற்றொன்று பக்கவாட்டு உலோகத்தில். இரண்டுக்கும் நடுவே இருக்கும் கறுப்பு வளையம் மின்சாரம் கடத்தாத பொருள். ஆகவே மின்சாரம் ஒரு வழியாகப் பல்புக்குள் நுழைந்து, மின்னிழையைக் கடந்து, மற்ற வழியாக வெளியேறியாக வேண்டும்.

எல்லாப் பல்புகளையும் பேட்டரிகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்து, எரியாதவற்றை ஒதுக்குங்கள். எரிந்தவற்றில் ஒரு செட்டுக்குச் சிவப்பு டேப் ஒட்டுங்கள். அது எதற்கென்று பிறகு தெரியும்.

படி 3: தொடுவதற்கு முன் வரைவது

வகுப்பு தொடங்கியதும் பொருள்களைக் கொடுத்துவிடாதீர்கள். கையில் பல்பு வந்துவிட்டால் நீங்கள் சொல்வது எதுவும் காதில் விழாது. பேட்டரி, பல்பு, வயர் மூன்றையும் உயர்த்திக் காட்டி, "இந்த மூணை மட்டும் வச்சு பல்பை எரிய வைக்கணும். எப்படி வைப்பீங்கன்னு நோட்டுல வரைங்க. தப்பு, சரி ஒண்ணும் கிடையாது" என்று சொல்லி 5 நிமிடம் கொடுங்கள். அழிப்பான் வேண்டாம்.

வரிசைகளுக்கிடையே நடந்து படங்களைப் பாருங்கள். அன்றைய பாடம் யாருக்கு எங்கே தேவை என்பதை அந்தப் படங்களே சொல்லிவிடும். அடிக்கடி கிடைப்பவை மூன்று. முதலாவது, பேட்டரியின் குமிழிலிருந்து பல்பின் அடிக்கு ஒரே வயர், அவ்வளவுதான். குழாயிலிருந்து குடத்துக்குத் தண்ணீர் போவதுபோல மின்சாரம் பல்புக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று குழந்தை நினைக்கிறது. வீட்டில் மின்விசிறிக்கும் மிக்ஸிக்கும் ஒரே வயர் போவதுபோலத் தெரிகிறதே, அந்த அனுபவம்தான் காரணம். அந்த ஒரு வயருக்குள் இரண்டு வயர்கள் இருப்பதை யாரும் காட்டியதில்லை. இரண்டாவது, பிளஸ்ஸும் மைனஸும் இரு பக்கமிருந்தும் வந்து பல்பில் மோதி ஒளி உண்டாகும் என்ற எண்ணம். மூன்றாவது, சுற்று முழுமையாக இருக்கும், ஆனால் மின்சாரத்தைப் பல்பு தின்றுவிட்டது, திரும்பிப் போவது குறைவு என்று விளக்குவார்கள்.

இவற்றைத் திருத்தாதீர்கள். "ஓகோ, இப்படி நினைக்கிறியா" என்பதோடு நகருங்கள். திருத்தும் வேலையைப் பல்பு பார்த்துக்கொள்ளும்.

படி 4: பாதுகாப்பு, இரண்டே வாக்கியம்

பொருளைக் கொடுக்கும் முன், எல்லோரும் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சொல்லுங்கள்: "வயரோ பேட்டரியோ சூடாச்சுன்னா உடனே கையை எடுத்துடணும். வீட்டு பிளக்குல இதைச் செய்யவே கூடாது, அங்க 230 வோல்ட், உயிரே போயிடும்."

முதல் வாக்கியம் கட்டாயம் தேவைப்படும். ஒரே வயரால் எரிய வைக்கப் பார்க்கும்போது எப்படியும் ஒரு குழு வயரைப் பேட்டரியின் இரு முனைகளிலும் நேரடியாக இணைக்கும். அது குறுக்குச்சுற்று. தடை மிகக் குறைவாக இருப்பதால் மின்னோட்டம் அதிகமாகிச் சில நொடிகளில் சூடாகும், பேட்டரியும் சீக்கிரம் தீரும். செல்போன் பேட்டரியைக் கொண்டுவரும் குழந்தை இருந்தால் அன்போடு வாங்கி வைத்துவிட்டு மாலையில் திருப்பிக் கொடுங்கள். அதில் குறுக்குச்சுற்று ஏற்பட்டால் தீப்பற்றக்கூடும்.

படி 5: செய்து பார்ப்பதும் நீங்கள் கேட்பதும்

குழுவுக்கு ஒரு பேட்டரி, ஒரு பல்பு, ஒரு வயர். 12 நிமிடம். எரிந்த இணைப்பையும் எரியாத இணைப்பையும் தனித்தனியாக வரைய வேண்டும். எரியாதவையும் முக்கியம் என்று அழுத்திச் சொல்லுங்கள், இல்லையென்றால் வரைய மாட்டார்கள்.

பகல் வெளிச்சத்தில் ஒரு பேட்டரியில் எரியும் 2.5 வோல்ட் பல்பு மங்கலாகத்தான் தெரியும். கையைக் குவித்தோ தாளைச் சுருட்டியோ உள்ளே பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த 12 நிமிடத்தில் வாயை அடக்குவதுதான் புதிய ஆசிரியருக்குக் கடினமான வேலை. "ஏன் எரியல?" என்ற கேள்வி குழந்தையைப் பயமுறுத்தும். அதற்குப் பதில், "பேட்டரியில எங்க தொடுது? பல்புல எத்தனை இடத்துல தொடுது? விரலை வச்சு வழியைக் காட்டு" என்று கேளுங்கள். விரல் பேட்டரியிலிருந்து புறப்பட்டுப் பல்பில் போய் நின்றுவிட்டால், அந்த இடத்திலேயே குழந்தைக்குப் பொறி தட்டும்.

கேட்டபின் மனத்துக்குள் மூன்று வரை எண்ணுங்கள். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் அறிவியல் வகுப்புகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் பொறுத்திருந்தார்கள். அதை 3 நொடி ஆக்கியதும் குழந்தைகளின் பதில்கள் நீண்டன, தாமாக முன்வந்து பேசுபவர்கள் கூடினார்கள். செலவே இல்லாத துணைக்கருவி அது.

எல்லாம் சரியாக இருந்தும் எரியவில்லை என்று வரும் குழுவிடம் சிவப்பு டேப் செட்டைக் கொடுங்கள். "ஒரே நேரத்துல ஒரு பொருளை மட்டும் மாத்திப் பாருங்க." பல்பை மாற்றியும் எரியவில்லை, வயரை மாற்றினால் எரிகிறது என்றால் குற்றவாளி வயர். பழுதைக் கண்டுபிடிக்கும் இந்த ஒழுங்கு மின்சுற்றைவிடப் பெரிய பாடம். அதற்காக நேரம் போனால் போகட்டும்.

படி 6: இப்போது பெயர் சொல்லுங்கள்

எரிந்த படங்களை ஒரு பக்கமும் எரியாதவற்றை மறு பக்கமுமாகக் குழந்தைகளே கரும்பலகையில் வரையட்டும். "எரிஞ்ச எல்லாப் படத்துலயும் பொதுவா என்ன இருக்கு?" பேட்டரியில் இரண்டு இடம், பல்பில் இரண்டு இடம், சுற்றிவந்து சேருகிற வழி என்று அவர்கள் வாயிலிருந்து வரும். வந்ததும், "இந்த முழு வழிக்குப் பேர் மின்சுற்று" என்று எழுதுங்கள். அறுந்திருந்தால் திறந்த சுற்று, சேர்ந்திருந்தால் மூடிய சுற்று. திறந்த கதவு வழியாகப் போகலாம், திறந்த சுற்றில் போக முடியாது என்பதால் இந்தச் சொற்கள் குழப்பும். அந்த வேறுபாட்டை நேராகவே சொல்லிவிடுங்கள். குறியீடு வரையும்போது மின்கலத்தின் (பேட்டரியின்) நீளக் கோடு நேர்மின் முனை, குட்டைக் கோடு எதிர்மின் முனை. உங்கள் கை தடுமாறி மாற்றிப் போடும் இடம் இது.

ஒரு பாடவேளை இதோடு முடிந்துவிடும். அடுத்ததை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: கடத்தியா, இல்லையா?

சுற்றில் ஓர் இடைவெளி விட்டு, அங்கே பொருள்களை வைத்துச் சோதிக்கிறார்கள். குழுவுக்கு மூன்று வயர். வெளிச்சம் நன்றாகத் தெரிய இரண்டு பேட்டரி. முந்தைய நாள் பேட்டரிகளையே இரண்டு குழுக்கள் சேர்த்துப் பயன்படுத்தலாம். சாவி, நாணயம், ஊக்கு, சுண்ணக்கட்டி, அழிப்பான், தீக்குச்சி, கரண்டி, வளையல். இங்கேயும் முதலில் ஊகம், பிறகு சோதனை.

சில பொருள்கள் ஏமாற்றும். பெயின்ட் அடித்த காம்பஸ் பெட்டியில் பல்பு எரியாது, சுரண்டிய இடத்தில் எரியும். பளபளக்கும் பிஸ்கட் உறை பெரும்பாலும் எரிய வைக்காது, உலோகப் படலத்தைப் பிளாஸ்டிக் மூடியிருக்கும். பென்சில் ஊசி கடத்தும், ஆனால் தடை இருப்பதால் பல்பு மங்கும், சில சமயம் எரியாது போலவே தெரியும். "உலோகம் எல்லாம் எரியும்" என்ற விதியைத் தாண்டி யோசிக்க வைக்க இவை நல்லவை.

தண்ணீரை மட்டும் இந்தச் சோதனையில் சேர்க்காதீர்கள். டார்ச் பல்பு எரியச் சுமார் 0.3 ஆம்பியர் தேவை. குழாய்த் தண்ணீரும், உப்புப் போட்ட தண்ணீரும்கூட, இந்தச் சின்னப் பேட்டரியில் அவ்வளவு மின்னோட்டத்தை விடாது. பல்பு எரியாது. "தண்ணீர் மின்சாரம் கடத்தாது" என்று குழந்தை நோட்டில் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போகும், ஈரக் கையால் சுவிட்சைத் தொடும். குழந்தைகளே கேட்டால், "இந்தப் பல்புக்குப் போதாத அளவுதான் தண்ணி வழியா போகும், ஆனா வீட்டு மின்சாரத்துல உயிரை எடுக்க அதுவே போதும்" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

நான்கும் ஐந்தும் ஒரே அறையில் இருந்தால், நான்காம் வகுப்பு இந்தச் சோதனையைச் செய்யட்டும். ஐந்தாம் வகுப்பு அட்டை, இரண்டு போர்டு பின், ஒரு ஜெம் கிளிப் கொண்டு சுவிட்ச் செய்து சுற்றில் சேர்க்கட்டும்.

படி 8: புரிந்ததா என்று பார்ப்பது

"மின்சுற்று என்றால் என்ன?" என்று கேட்டால் மனப்பாடம்தான் வரும். அதற்குப் பதில் நான்கு படம் வரைந்து, எது எரியும், ஏன் என்று எழுதச் சொல்லுங்கள்: குமிழிலிருந்து அடிப்புள்ளிக்கு ஒரே வயர், இரு முனைகளிலிருந்தும் வயர் அடிப்புள்ளிக்கே, இரண்டு வயரும் குமிழிலிருந்தே புறப்பட்டு ஒன்று அடிப்புள்ளிக்கும் ஒன்று திருகுக்கும், குமிழ் அடிப்புள்ளியையும், பேட்டரியின் தட்டையான அடியிலிருந்து வரும் வயர் திருகையும் தொடுவது. கடைசி மட்டும் எரியும்.

கூடவே ஒரு கேள்வி: "சுவிட்சைப் பல்புக்கு முன்னால வைக்கணுமா, பின்னால வைக்கணுமா?" முன்னால் வைத்தால்தான் அணையும் என்று எழுதும் குழந்தை இன்னும் குழாய்த் தண்ணீர் எண்ணத்தில்தான் இருக்கிறது. அதற்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம். மறுநாள் இரண்டு இடத்திலும் சுவிட்சை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மணி அடித்ததும் பொருளை எண்ணி வாங்குங்கள். பேட்டரிகளை வயரோடு ஒரே டப்பாவில் போட்டால் உள்ளேயே குறுக்குச்சுற்றாகி அடுத்த வாரம் தீர்ந்துபோயிருக்கும். பேட்டரிக்குத் தனி டப்பா, குமிழ் எல்லாம் ஒரே திசையில். பல்புகளைப் பஞ்சு வைத்த தீப்பெட்டியில் வையுங்கள்.