லினக்ஸில் டிஸ்பிளே மாறி: விண்டோ எந்தத் திரையில் திறக்கும்?

கல்லடியில் இருந்துகொண்டு, ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தள்ளி கல்முனையில் உள்ள நண்பனின் கடைக் கணினிக்குள் எஸ்எஸ்எச் (தூரத்துக் கணினியில் கொமாண்ட் தட்ட உதவும் பாதுகாப்பான இணைப்பு) வழியாக நுழைந்தேன், அவனுடைய கணக்கிலேயே. 'எக்ஸ்ஐஸ்' என்று தட்டினேன். மவுஸைப் பார்த்து உருளும் இரண்டு கண்கள் என் லப்டொப்பில் வந்திருக்க வேண்டும். ஒன்றையும் காணவில்லை. கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது: "மச்சான், கடை ஸ்கிரீன்ல ரெண்டு கண் நிண்டு முழிக்குது. சாமான் வாங்க வந்த ஆக்கள் சிரிக்கிறாங்க."

பிழை என்னுடையதுதான். விண்டோவை எந்தத் திரையில் வரைவது என்று புரோகிராமுக்குச் சொல்வது டிஸ்பிளே மாறி. முன்பொரு நாள் அவனுடைய 'பாஷ்ஆர்சி' கோப்பில் (டெர்மினல் திறக்கும்போதெல்லாம் தானாக ஓடும் கோப்பு) அதை :0 என்று நிரந்தரமாக எழுதிவிட்டு வந்திருந்தேன்.

கொமாண்ட்களை இங்கே ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். மாறிகளின் பெயர் முழுவதும் கேப்பிட்டல், மற்றவை சிறிய எழுத்து.

1. முதலில் பாருங்கள்

எக்கோ $டிஸ்பிளே

உங்கள் முன்னால் இருக்கும் கணினியிலேயே தட்டி, :0 அல்லது :1 என்று வந்தால் எல்லாம் சரி, எதையும் தொட வேண்டாம். வெறும் வரி வந்தால், விண்டோவை எங்கே வரைவது என்று புரோகிராமுக்குத் தெரியாது.

விண்டோக்களைத் திரையில் வரையும் எக்ஸ் விண்டோ சிஸ்டம் 1984இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பிறந்தது. இன்றும் ஓடுகிற எக்ஸ்11 பதிப்பு 1987இல் வந்தது. புரோகிராம் ஓடுவது ஓர் இயந்திரத்தில், திரை இருப்பது வேறொரு மேசையில். அப்படிப்பட்ட காலத்து ஏற்பாடு இது. ஆகவே திரைக்கு ஒரு விலாசம் தேவைப்பட்டது. கோலனுக்கு முன்னால் வருவது கணினியின் பெயர், பின்னால் டிஸ்பிளே எண், புள்ளி போட்டால் ஸ்கிரீன் எண். வீதி, வீட்டு இலக்கம், அறை மாதிரி. முன்பக்கம் வெறுமையாக இருந்தால் 'இதே கணினி' என்று பொருள்.

2. இந்த டெர்மினலுக்கு மட்டும் கொடுங்கள்

எக்ஸ்போர்ட் டிஸ்பிளே=:0

சமன் குறிக்கு இருபுறமும் இடைவெளி விடக்கூடாது. டெர்மினலை மூடினால் இது போய்விடும். போகட்டும், அதுதான் நல்லது. விலாசம் சரியாக இருந்தும் திறக்கவில்லையா? அந்தத் திரையில் வரைய அனுமதிக்கும் சாவி இல்லை. 'எக்ஸ்அதோரிட்டி' மாறி காட்டும் கோப்புத்தான் அந்தச் சாவி. 'எக்ஸ்ஹோஸ்ட் +' போடச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். அது பூட்டைத் திறப்பதில்லை, கதவையே கழற்றிவிடுகிறது.

3. எஸ்எஸ்எச் என்றால் மாறியில் கை வைக்காதீர்கள்

எஸ்எஸ்எச் -எக்ஸ் பயனர்@கணினி

இதில் கோட்டுக்குப் பின்னால் வரும் எக்ஸ் மட்டும் கேப்பிட்டல். உள்ளே போய் முதல் படியைத் திரும்பச் செய்தால் பெரும்பாலும் லோக்கல்ஹோஸ்ட்:10.0 என்று காட்டும். எஸ்எஸ்எச் தானே போட்ட விலாசம் அது. உங்கள் திரைக்கு வரும் சுரங்கப்பாதை. பாஷ்ஆர்சியில் :0 என்று எழுதி வைத்திருந்தால், உள்ளே நுழைந்த கையோடு அந்த வரி ஓடி இதை அழித்துவிடும். கல்முனையில் கண் முழித்தது இப்படித்தான்.

4. கிரோன் வேலைக்கு

குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓடவிடும் கிரோனுக்கு உங்கள் டெஸ்க்டொப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. அந்த ஒரு கொமாண்டின் முன்னால் மட்டும் மாறியை வையுங்கள்:

டிஸ்பிளே=:0 எக்ஸ்ஐஸ்

:0 என்பதற்குப் பதிலாக முதல் படியில் நீங்கள் கண்ட எண்ணைப் போடுங்கள். உபுண்டுவில் எக்ஸ்ஐஸ் இல்லாவிட்டால் 'எக்ஸ்11-ஆப்ஸ்' பொதியை நிறுவுங்கள்.

புதிய உபுண்டுகளில் எக்ஸுக்குப் பதிலாக வேலண்ட் ஓடலாம். அப்போதும் பழைய புரோகிராம்களுக்காக எக்ஸ்வேலண்ட் ஒரு டிஸ்பிளே எண்ணைக் கொடுக்கும், பயப்பட வேண்டாம்.

நண்பனின் பாஷ்ஆர்சியில் இருந்த வரியை அழித்துவிட்டு, வெளியேறி, -எக்ஸ் சேர்த்துத் திரும்ப நுழைந்தேன். இந்த முறை கண்கள் கல்லடிக்கு வந்து சேர்ந்தன.