வயிற்றில் விழும் உதை: பயிற்சிக் கூடங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கராத்தே, டேக்வாண்டோ, கிக்பாக்சிங் வகுப்புகளில் வயிற்றிலோ விலாவிலோ உதை வாங்கிய மாணவரின் சட்டையைத் தூக்கிப் பார்த்து, தோலில் தடயம் இல்லை என்றதும் ஒன்றுமில்லை என்று விட்டுவிடுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பல இதிலிருந்தே கிளைக்கின்றன. வயிறு மென்மையானது என்பதால், மேலே கன்றாமலே அடியின் விசை உள்ளே இறங்கிவிடும். இடப்பக்கம் 9 முதல் 11 வரையிலான விலாக்களுக்கு அடியில் மண்ணீரல் இருக்கிறது, வலப்பக்கம் கல்லீரல். இரண்டும் ரத்தம் நிறைந்தவை, எளிதில் கிழியக்கூடியவை. சிறுவர்களின் விலா எலும்புகள் வளைந்துகொடுப்பதால், எலும்பு முறியாமலே உள்ளுறுப்பு கிழியலாம்.

வயிற்றுத் தசையை இறுக்கப் பழகியவருக்கு எதுவும் ஆகாது என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. இறுகிய தசை முன்வயிற்றை ஓரளவு காக்கும். பக்கவாட்டில் விழும் சுழல் உதையிலிருந்து மண்ணீரலையோ, முதுகுப்புற அடியிலிருந்து சிறுநீரகத்தையோ அது காப்பாற்றாது. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி வயிற்றில் உதை வாங்கப் பழக்குவதை மாஸ்டர்கள் அடியோடு கைவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

காய்ச்சல் விட்ட மறுநாளே ஸ்பாரிங்குக்கு (இருவர் எதிரெதிரே மோதும் பயிற்சிக்கு) அனுப்புவதைப் பலரும் தவறாகவே நினைப்பதில்லை. மலேரியா, டைபாய்டு, சில வைரஸ் காய்ச்சல்கள் ஆகியவற்றில் மண்ணீரல் வீங்கி விலாவின் காப்பிலிருந்து கீழே இறங்கியிருக்கக்கூடும்; அப்போது சாதாரண அடியே அதைக் கிழித்துவிடலாம்.

அடிபட்ட பின் வலி மாத்திரை கொடுத்துத் தூங்க வைப்பது, எண்ணெய் தேய்த்து வயிற்றை நீவுவது ஆகிய இரண்டும் கூடவே கூடாது. ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் போன்றவை ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். நீவுவது உள்ளே ரத்தக் கசிவை அதிகமாக்கலாம். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால், மருத்துவர் பார்க்கும் வரை உணவும் வேண்டாம். தோளில் அடிபடாமலே இடது தோள் நுனியில் வலி வந்தால், மண்ணீரலிலிருந்து கசியும் ரத்தம் உதரவிதானத்தை (மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையை) உறுத்துகிறது என்று சந்தேகிக்க வேண்டும். கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, வயிறு உப்புதல், வாந்தி, முகம் வெளிறுதல், வேகமான நாடித்துடிப்பு, சிவந்த சிறுநீர் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐ அழையுங்கள். குழந்தைகளுக்கு நிறைய ரத்தம் இழந்த பிறகே ரத்த அழுத்தம் இறங்கும் என்பதால், அழுத்தம் சரியாக இருக்கிறது என்று காத்திருக்கக் கூடாது.

மருத்துவமனையில் மாஸ்டருக்குக் கெட்ட பெயர் வந்துவிடுமோ என்று தயங்கி, கீழே விழுந்துவிட்டான் என்று சொல்வோரும் உண்டு. எந்தப் பக்கம், எப்போது, எப்படி அடி விழுந்தது என்பதே எந்த ஸ்கேன் தேவை என்று முடிவு செய்ய உதவும் தகவல். முதல் அல்ட்ராசவுண்டில் எதுவும் தெரியாத கிழிசல் பின்னர் சி.டி. ஸ்கேனில் தெரிவதும், மண்ணீரல் சில நாட்கள் கழித்து வெடிப்பதும் நடக்கக்கூடியவையே. ஆகவே, வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிறகும் வலி கூடினால் தயங்காமல் திரும்பிச் செல்லுங்கள்.

மண்ணீரல் கிழிந்து ஆறியவர்கள் மோதல் பயிற்சிக்குத் திரும்ப, காயத்தின் அளவைப் பொறுத்து, மாதக்கணக்கில் ஆகலாம். போட்டித் தேதி நெருங்கிவிட்டாலும், வலி நின்றதை மட்டும் வைத்துப் பெற்றோரோ மாஸ்டரோ இதை முடிவு செய்யாமல், சிகிச்சை அளித்த மருத்துவரின் எழுத்துபூர்வ அனுமதியைக் கேட்டு வாங்க வேண்டும்.