பழைய டிவி: பிளாஸ்மாவா, எல்சிடியா? வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பானாசோனிக், சாம்சங், எல்ஜி மூன்றும் 2014 முடிவதற்குள் பிளாஸ்மா டிவி தயாரிப்பைக் கைவிட்டுவிட்டன. ஆகவே இன்று மலிவாகக் கிடைக்கும் பிளாஸ்மா எல்லாம் பழையவைதான்.

டிவி பழுதுபார்க்கும் நான், கடைக்குப் போனால் பென் டிரைவில் ஒரு வெற்று வெள்ளைப் படமும் ஒரு கறுப்புப் படமும் கொண்டுபோவேன். பிளாஸ்மாவில் முதலில் வெள்ளையைப் போடுங்கள். மூலையில் ஏதோ சேனலின் சின்னமோ, கீழே செய்திப் பட்டையோ நிழலாகத் தெரிகிறதா? பேரமே பேசாதீர்கள். ஆண்டுக்கணக்கில் பதிந்த அந்தத் தழும்பு அநேகமாகப் போகாது.

எல்சிடிக்குக் கறுப்புப் படம். கடை விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். முகம் சுளித்தாலும் விடாதீர்கள். ஓரங்களில் வெளிச்சம் கசிந்தால் விலையைக் குறைக்கலாம். பக்கவாட்டில் நின்று நிறம் வெளிறுகிறதா என்றும் பாருங்கள்.

ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் பிளாஸ்மாவின் கறுப்பு ஆழமானது, வேகமாகப் பாயும் கிரிக்கெட் பந்தும் மங்கலாக இழுபடாது. ஆனால் 42 அங்குலப் பிளாஸ்மாக்கள் பலவற்றில் புள்ளிகள் 1024×768தான், அதனால் படத்தின் நுணுக்கம் குறைவு. பின்புற ஒட்டுச்சீட்டில் வாட் கணக்கையும் படியுங்கள். மின்கட்டணத்தில் எல்சிடிதான் சிக்கனம். ஜன்னல் வெளிச்சம் விழும் கூடத்துக்கும் எல்சிடியே என் தேர்வு. பிளாஸ்மாவில் பேனல், அதாவது திரை, போனால் மாற்றுப் பேனல் தேடி அலைய வேண்டியதுதான்.